நாலு பாட்டு, ஒரு நாள், ஓர் ஒலிநாடா

இந்த இசைத்தட்டின் உறையில் படமே கிடையாது. பாடுபவரின் முகம் இல்லை, கிதாரைத் தூக்கிப் பிடித்த போஸ் இல்லை. கோயில் சுவரில் உபயதாரர் பெயர்களைப் பொறித்து வைப்பார்களே, அதுபோல இசைக்குழுக்களின் பெயர்கள் பத்தி பத்தியாக இறங்குகின்றன. 'தி பீல் செஷன்ஸ்' என்று தலைப்பு. திருப்பிப் பார்த்தால் பாடல்களின் பெயர்கள், ஒலிப்பதிவான தேதி, பதிவை நடத்தியவரின் பெயர். அவ்வளவுதான். பெரும்பாலும் உள்ளே நாலே நாலு பாட்டு.

அந்த நாலு பாட்டைக் கேட்டவர்களால் சும்மா இருக்க முடியாது! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பிடித்து உலுக்கி, 'இதைக் கேளு, இந்த இடத்தைக் கேளு' என்பார்கள். வேனிலிருந்து இறங்கி, வாத்தியங்களைப் பொருத்தி, ஒரே நாளில் வாசித்து முடித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்பிய இளைஞர்களின் சூடு அந்தத் தட்டில் இன்னும் ஆறவில்லை.

தட்டை வெளியிட்டது ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் என்ற தனித்த, சின்ன லேபிள். 1986இல் இங்கிலாந்தில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. ஒருவர் பி.பி.சி. ரேடியோ ஒன்றின் அறிவிப்பாளர் ஜான் பீல். இன்னொருவர் இசைத்தட்டுத் தொழிலில் ஊறிய கிளைவ் செல்வுட். வானொலியில் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று முறை ஒலித்துவிட்டு அலமாரிக்குள் முடங்கிய பதிவுகளை வெளியே எடுத்துத் தட்டாக்கிக் கடைக்கு அனுப்புவது. இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை.

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் எத்தனை கைகள், எத்தனை கதவுகள், எத்தனை கையெழுத்துகள் என்று பார்த்தால் தலை சுற்றும். வாருங்கள், பின்வாசல் வழியாக நுழைந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தட்டுப்பாட்டில் பிறந்த இசை

முதல் ஆச்சரியம் ஒரு விதிமுறையில் இருக்கிறது. அதன் பெயர் நீடில் டைம். ஊசி தட்டின்மேல் ஓடும் நேரம் என்று பொருள். இசைத்தட்டுகளை வானொலியில் எந்நேரமும் போட்டுக்கொண்டிருந்தால் தட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது தட்டு நிறுவனங்களின் கவலை. வாசிக்கும் கலைஞர்களுக்கு வேலை போய்விடுமே என்பது இசைக்கலைஞர் சங்கத்தின் கவலை. இரண்டு தரப்பும் அழுத்த, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்குமேல் தட்டு போடக் கூடாது என்ற வரம்பு பி.பி.சி.க்கு வந்தது. 1967 செப்டம்பர் 30இல் ரேடியோ ஒன் பிறந்தபோதும் அந்த வரம்பு கூடவே இருந்தது. 1988 வரை அது முழுசாக நீங்கவில்லை.

மிச்ச நேரத்தை எதை வைத்து நிரப்புவது? இசைக்குழுக்களை வரவழைத்து, வானொலிக்கென்றே வாசிக்கச் சொல்லி, பதிவுசெய்து ஒலிபரப்ப வேண்டியதுதான். அதற்குப் பெயர்தான் செஷன். எந்தக் குழு வந்தாலும் சங்கம் நிர்ணயித்த கட்டணம் உண்டு. கலைஞர்களைக் காக்க வந்த ஒரு கட்டுப்பாடு, உலகின் மிகப் பெரிய ராக் இசைப் பெட்டகம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிட்டது! ஜான் பீல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை 37 ஆண்டுகள் ரேடியோ ஒன்னில் இருந்தார். அவருடைய நிகழ்ச்சிக்காக மட்டும் 2,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள் 4,000க்கும் மேற்பட்ட செஷன்களைப் பதிவுசெய்தார்கள்.

பீல் எப்படிப்பட்ட மனிதர்? லிவர்பூல் அருகே ஹெஸ்வாலில் 1939இல் பிறந்தவர். இயற்பெயர் ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட். அமெரிக்க வானொலிகளில் வேலை பார்த்துவிட்டு 1967இல் ஊர் திரும்பினார். அப்போது இங்கிலாந்துக் கடற்கரைக்கு அப்பால் கப்பலில் இயங்கிய ரேடியோ லண்டன் என்ற உரிமமில்லா வானொலியில் சேர்ந்தார். நள்ளிரவுக்கு மேல் 'தி பெர்ஃப்யூம்ட் கார்டன்' என்ற நிகழ்ச்சியில் தனக்குப் பிடித்ததையெல்லாம் போட்டார். அந்த ஆகஸ்டில் புதிய சட்டம் கடல் வானொலிகளின் வாயை அடைத்தது. அடுத்த சில வாரங்களில் பீல் பி.பி.சி.யில் இருந்தார். சில வேளைகளில் தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுவிடுவார்; நேயர்கள் அதையும் அவருடைய நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

செல்வுட் அப்போது எலெக்ட்ரா நிறுவனத்தின் பிரிட்டன் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1969இல் இருவரும் சேர்ந்து முதல் லேபிளைத் தொடங்கினார்கள். அதன் பெயர் டேண்டிலயன். பீல் வளர்த்த வெள்ளெலியின் பெயர் அது! யாரும் பதிவுசெய்யத் துணியாத கலைஞர்களின் தட்டுகளை அது வெளியிட்டது. பணம் சேரவில்லை, சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் நட்பு மூடப்படவில்லை. 17 ஆண்டுகள் கழித்து ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்டை உண்டாக்கியது அதே கூட்டணிதான்.

சறுக்கு அரங்கம் ஒலிக்கூடமான கதை

இப்போது கட்டடத்துக்குள் போவோம். லண்டன், மைடா வேல் பகுதி, டெலவேர் சாலை. வெளியிலிருந்து பார்த்தால் நீளமான, தாழ்வான வெள்ளைக் கட்டடம். சுற்றிலும் அமைதியான குடியிருப்புகள். இதற்குள்ளா அத்தனை சத்தமும் என்று தோன்றும். உள்ளே இறங்கினால்தான் தெரியும். கட்டடத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

இது கட்டப்பட்டது 1909-10இல், ரோலர் ஸ்கேட்டிங் அரங்கமாக. சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு லண்டன்வாசிகள் சுற்றிச் சுற்றி வந்த கூடத்தை 1930களில் பி.பி.சி. எடுத்து ஒலிப்பதிவுக் கூடங்களாக மாற்றியது. நீண்ட காலம் பி.பி.சி. சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் வீடாக இருந்தது இதுதான். 1958இல் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் இங்கேதான் தொடங்கியது. 1963இல் 'டாக்டர் ஹூ' தொடருக்கான இசையை டெலியா டெர்பிஷயர் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கியதும் இதே கூரையின் கீழேதான். பிங் கிராஸ்பி கடைசியாகப் பாடிப் பதிவுசெய்ததும் இங்கேதான், 1977 அக்டோபரில். அதற்குச் சில நாள்களில் அவர் காலமானார்.

ஒரு கூடத்தில் வயலின்களும் செல்லோக்களும் சிம்ஃபனி ஒத்திகை பார்க்கும். சில சுவர்களுக்கு அப்பால், நாலாம் எண் கூடத்தில், தலைமுடியை முள்ளம்பன்றியாக்கிய பதினெட்டு வயதுப் பையன்கள் டிரம்ஸைப் பொருத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நாலாம் கூடத்துக்கு மைடா வேல் ஃபோர் என்று பெயர். பீல் செஷன்களில் மிகப் பெரும்பாலானவை பிறந்த தொட்டில்.

மதியம் இரண்டரை முதல் நள்ளிரவு வரை

செஷன் நாளின் ஒழுங்கு இப்படி. மதியம் இரண்டு, இரண்டரை மணிவாக்கில் குழு வந்து சேரும். லீட்ஸ், கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட் என்று எங்கிருந்தோ விடியலில் கிளம்பிய வேன். தூக்கமில்லாத கண்கள். ஆம்ப்ளிஃபயர்களையும் டிரம்ஸையும் அவர்களே சுமந்து உள்ளே கொண்டுவருவார்கள். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத குழுக்களே அதிகம்.

முதலில் மைக்குகளை வைப்பார்கள். டிரம்ஸுக்கே பல மைக். பிறகு சவுண்ட் செக். இதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிவிடும். அடுத்து எல்லாரும் ஒன்றாக நின்று நாலு பாட்டின் அடித்தளத்தையும் வாசித்து முடிப்பார்கள். ஒரு வாத்தியத்தின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுதான் ஒரே அறையில் நாலு பேர் மூச்சு முட்ட வாசிக்கிறார்கள் என்பதைக் காதுக்குச் சொல்கிறது. அதன்மேல் பாடல் குரலையும் கூடுதல் கிதாரையும் ஏற்றுவார்கள். சாயங்காலம் தாண்டியதும் மிக்ஸிங். நள்ளிரவு நெருங்கும்போது நாலு பாட்டும் ஒரு கால் அங்குல ஒலிநாடாவில் முடிந்திருக்க வேண்டும். கதவைப் பூட்டிவிடுவார்கள்!

சாதாரணமாக ஓர் இசைத்தட்டு எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். டிரம்ஸ் சத்தம் சரியாக வருவதற்கே இரண்டு மூன்று நாள் செலவழிப்பார்கள். ஒரு வரியை இருபது தடவை பாடவைத்து நல்ல துண்டுகளை ஒட்டுவார்கள். இங்கே அதற்கெல்லாம் நேரம் இல்லை. இரண்டாவது டேக்கோ மூன்றாவது டேக்கோ, அதுதான் பாட்டு. தப்பு நேர்ந்தால், அழகான தப்பாக இருந்தால், அப்படியே இருக்கட்டும். யோசிக்க நேரம் கொடுக்காததால் குழுக்கள் மேடையில் எப்படி வாசிப்பார்களோ அப்படியே வாசித்தார்கள். ஸ்டுடியோ ஆல்பத்தைவிட செஷன் பதிவே உயிரோட்டமானது என்று ரசிகர்கள் பல குழுக்களைப் பற்றிச் சொல்வதன் ரகசியம் இந்தக் கடிகாரம்தான்.

இன்னொரு சேதி எனக்கு எப்போதும் வியப்பு. பீல் தன் பெயரில் நடந்த இந்தப் பதிவுகளுக்குப் பெரும்பாலும் போனதே இல்லை. குழுவைத் தேர்ந்தெடுப்பார், அழைப்பார், பிறகு ஒதுங்கிக்கொள்வார். ஒலிநாடா அலுவலகத்துக்கு வந்து, இரவு பத்து மணிக்குமேல் நிகழ்ச்சியில் பாட்டு ஒலிக்கும்போது வீடுகளில் கேட்கும் நேயர்களைப் போலவே அவரும் புதிதாகக் கேட்பார். இதை இப்படி வாசியுங்கள், அதை ஏன் பாடினீர்கள் என்று கேட்க ஆளில்லாத அந்தச் சுதந்திரத்தைக் குழுக்கள் அள்ளிப் பருகின. வெளிவராத புதுப் பாட்டை வாசித்துப் பார்த்தார்கள். அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடினார்கள். 1990 அக்டோபரில் நிர்வாணா குழு தங்கள் இரண்டாவது பீல் செஷனுக்கு வந்தபோது தங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. நாலும் மற்றவர்களுடைய பாட்டு!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

தட்டின் பின்னுறையில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களை நாம் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பி.பி.சி.யின் தயாரிப்பாளர்களும் ஒலிப்பொறியாளர்களும். இன்று ஒரு நாட்டுப்புறப் பாடகி, அடுத்து ஒரு ரெக்கே குழு, அதற்கடுத்துக் காது கிழியும் மெட்டல் கூட்டம். யார் வந்தாலும் சில மணி நேரத்தில் அவர்களுடைய ஒலியைப் புரிந்துகொண்டு நாடாவில் பிடித்தாக வேண்டும்.

அவர்களில் ஒருவர் டேல் கிரிஃபின். மாட் த ஹூப்பிள் என்ற புகழ்பெற்ற குழுவின் டிரம்ஸ் கலைஞர். 1972இல் டேவிட் போவி எழுதிக் கொடுத்த பாட்டால் உச்சிக்குப் போன குழு அது. அந்த மேடை வாழ்க்கை முடிந்தபின் 1981 முதல் 1994 வரை மைடா வேலில் செஷன் தயாரிப்பாளராக உட்கார்ந்தார். நிர்வாணாவின் அந்த 1990 பீல் செஷனை நடத்தியவரும் அவரே. 

இன்னொருவர் நம் நாட்டுக்காரர்: கொல்கத்தாவைச் சேர்ந்த மிதி அதிகாரி. பி.பி.சி.யில் நீண்ட காலம் ஒலிப்பொறியாளராகவும் தயாரிப்பாளராகவும் மைடா வேலில் பணியாற்றி, நிர்வாணா உட்பட எத்தனையோ குழுக்களைப் பதிவுசெய்தவர். லண்டனின் ராக் வரலாற்றை நாடாவில் பிடித்த கைகளில் ஒரு வங்காளக் கையும் உண்டு என்று தெரிந்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இவர்களுக்கெல்லாம் முந்தைய கண்ணி ஜான் வால்டர்ஸ். பீலின் தயாரிப்பாளர். அதற்கு முன் ஆலன் பிரைஸ் செட் குழுவில் டிரம்பெட் வாசித்தவர். பி.பி.சி. தலைமையகத்தை ஒட்டிய எக்டன் ஹவுஸில் இருவருக்கும் ஓர் அறை. கேசட்டுகள், தட்டுகள், கடிதங்கள் தரையிலிருந்து மேலே எழும்பி நிற்கும் அறை. எந்த நிறுவனமும் சீந்தாத குழுக்கள் அனுப்பிய கேசட்டுகள் அந்தக் குவியலில் கிடக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கேட்டு, பிடித்துப்போய் அழைப்பு விடுத்தால், ஒரு குழுவின் வாழ்க்கையே திரும்பும். சூக்ஸி அண்ட் த பேன்ஷீஸ் 1977 நவம்பரில் முதல் பீல் செஷனைப் பதிவுசெய்தபோது அவர்களுக்கு ஒப்பந்தம் தர ஒரு நிறுவனமும் முன்வந்திருக்கவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது அடுத்த ஆண்டுதான்.

அலமாரியிலிருந்து கடைக்கு

சரி, நாலு பாட்டு நாடாவில் இருக்கிறது. வானொலியில் ஒலித்தாயிற்று. சில வாரங்கள் கழித்து மறு ஒலிபரப்பும் ஆயிற்று. அப்புறம்?

அப்புறம் அலமாரி. நேயர்களோ பி.பி.சி.க்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டு தட்டாகக் கிடைக்குமா, எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். கிடைக்காது. ஏனென்றால் கலைஞர்களுக்குப் பி.பி.சி. கொடுத்த கட்டணம் ஒலிபரப்புக்கு மட்டும்தான். அதைத் தட்டாக விற்க வேண்டுமானால் பி.பி.சி.யின் உரிமம் வேண்டும். வாசித்த கலைஞர்களின் சம்மதம் வேண்டும். அந்தக் குழு இப்போது எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அந்த நிறுவனம் விட்டுக்கொடுக்க வேண்டும். குழு உடைந்து ஆளுக்கொரு திசையில் போயிருந்தால், ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இசைக்கலைஞர் சங்கத்தோடு தனியாகப் பேச வேண்டும். நாலு பாட்டுக்கு இவ்வளவு!

இங்கேதான் செல்வுட் என்ற மனிதரின் அருமை. பேசிப் பேசி, எழுதி எழுதி அந்த வழியைத் திறந்தார். கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பங்கு சேரும்படி ஒப்பந்தங்கள் அமைந்தன. பெரிய நிறுவனங்கள் கைவைக்கத் தயங்கிய வேலையை ஒரு சின்ன லேபிள் முடித்துக் காட்டியது.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1984 நவம்பரில் ரஃப் டிரேட் என்ற இன்னொரு தனித்த லேபிள் த ஸ்மித்ஸ் குழுவின் 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ'வை வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்திருந்தது. ஆனாலும் பீலுக்கும் இன்னொரு ரேடியோ ஒன் அறிவிப்பாளரான டேவிட் ஜென்சனுக்கும் அவர்கள் வாசித்த வானொலிப் பதிவுகளைத் தொகுத்த இந்தத் தட்டைத்தான் பலர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். வானொலிப் பதிவுக்குக் கடையில் ஆள் இருக்கிறார்கள் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

1986இல் ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்டின் முதல் தட்டு வந்தது. அதன் வரிசை எண் எஸ்.எஃப்.பி.எஸ். 001. நியூ ஆர்டர் குழு 1982 ஜூனில் பதிவுசெய்த செஷன். ஜமைக்காவின் கீத் ஹட்சன் பாடிய ஒரு ரெக்கே பாட்டைத் தங்கள் பாணியில் அதில் வாசித்திருந்தார்கள். இரண்டாவது தட்டு த டேம்ண்ட் குழுவின் 1977 செஷன். அடுத்தடுத்து ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ், மேட்னெஸ், கேங் ஆஃப் ஃபோர். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உறை. பெரிய பேர் வாங்கிய குழுவுக்கும் ஒருவருக்கும் தெரியாத குழுவுக்கும் ஒரே எழுத்து, ஒரே இடம். ஒரே பந்தியில் எல்லாருக்கும் ஒரே இலை! பார்க்கும்போதே மனம் நிறைகிறது.

இந்தத் தட்டுகளை மட்டும் கேளாமல் விடாதீர்கள்

இப்போது நான் வாய் ஓயாமல் பேச ஆசைப்படும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஜாய் டிவிஷன். மான்செஸ்டர் குழு. 1979 ஜனவரி 31 அன்று முதல் செஷன், நவம்பர் 26 அன்று இரண்டாவது. இரண்டாவதில் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' இருக்கிறது. அந்தப் பாட்டு தனித் தட்டாக வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மைடா வேலில் பதிவாகிவிட்டது. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, 23 வயதில் உயிரை விட்டார். மிஞ்சிய மூவரும் தொடங்கிய குழுதான் நியூ ஆர்டர். ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்டின் முதல் தட்டே அவர்களுடையது என்று சொன்னேன் அல்லவா? அதே 1986இல் ஜாய் டிவிஷனின் முதல் செஷனும், மறு ஆண்டு இரண்டாவதும் வெளிவந்தன. ஒரு குழுவின் மரணத்துக்கு முன்னும் பின்னுமான குரல்கள் ஒரே வரிசையில், ஒரே உறையில்.

சிட் பேரட். பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கிவைத்துவிட்டு மனம் கலங்கி ஒதுங்கியவர். 1970 பிப்ரவரி 24 அன்று பீலின் நிகழ்ச்சிக்கு வந்தார். பக்கத்தில் டேவிட் கில்மரும் ஜெர்ரி ஷெர்லியும். ஐந்து பாட்டு. அதில் 'டூ ஆஃப் எ கைண்ட்' என்ற பாட்டு இந்த வானொலிப் பதிவில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. சிறிது காலத்தில் அவர் மேடையையும் ஒலிக்கூடத்தையும் விட்டே போய்விட்டார். ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் இதைத் தட்டாக்கியபோது ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

த ஸ்லிட்ஸ். பெண்கள் சேர்ந்து தொடங்கிய பங்க் குழு. முதல் ஆல்பம் 1979இல்தான் வந்தது. அதற்குள் குழுவில் ஆள் மாறி, ஒலியும் பண்பட்டுவிட்டது. 1977 செப்டம்பரில் பதிவான பீல் செஷனில் அவர்கள் காட்டாறு. சுருதி, தாளம் என்று எதற்கும் அடங்காத அந்த முதல் வேகத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நேபாம் டெத். பர்மிங்ஹாம் பக்கத்துப் பையன்கள், உலகின் அதிவேக இசைக்காரர்கள். 1987 செஷனில் வாசித்தது 12 பாட்டு. மொத்த நேரம்? ஏறக்குறைய ஆறு நிமிடம்! மற்றவர்கள் நாலு பாட்டு வாசித்த அதே ஒலிக்கூடத்தில், அதே பொறியாளர்கள், அதே சிரத்தையோடு இதையும் பதிவுசெய்தார்கள். ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்டும் அதே மரியாதையோடு வெளியிட்டது.

பிற லேபிள்களில் வந்தவற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். த ஃபால் குழு 1978 முதல் 2004 வரை 24 செஷன்கள் வாசித்து, அவை ஆறு குறுந்தகடுகளாக 2005இல் தொகுக்கப்பட்டன. ஷெஃபீல்டில் பீலின் கையில் கேசட்டைத் திணித்த ஜார்விஸ் காக்கர் என்ற இளைஞரின் பல்ப் குழு, 1981 நவம்பரில் மைடா வேலுக்கு வந்தது. அடுத்த பீல் செஷன் 12 ஆண்டுகள் கழித்து. நாடே பாடிய 'காமன் பீப்பிள்' வந்தது 1995இல். அந்த 1981 செஷன் ஒரு தொகுப்பில் வெளிவந்தது 2006இல். காத்திருந்து காத்திருந்து கனிந்த கனி.

அழிந்தவையும் திரும்பியவையும்

சந்தோஷக் கதைக்கு நடுவே ஒரு வலியும் உண்டு. ஒலிநாடா அந்தக் காலத்தில் விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்தால் அதை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவுசெய்வது பி.பி.சி.யில் வழக்கமாக இருந்தது. 1960களிலும் 1970களிலும் எத்தனையோ செஷன்கள் அப்படியே போயின. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வானொலி என்றால் காற்றில் வந்து காற்றில் போவது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

போனவற்றில் சில திரும்பிவந்த விதம்தான் இந்தக் கதையிலேயே என்னைத் துள்ளவைக்கிறது. வெளிநாட்டு வானொலிகளுக்கு அனுப்புவதற்காகப் பி.பி.சி.யின் ஒரு பிரிவு அச்சடித்த தட்டுகள் சில செஷன்களைக் காப்பாற்றிக் கொடுத்தன. மற்றவற்றைக் காப்பாற்றியவர்கள் நேயர்கள்! படுக்கையறையில் வானொலிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, இரவு பத்து மணிக்குப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். நிறுவனத்திடம் இல்லாத பாட்டு அவர்களுடைய அலமாரியில் இருந்தது. இரைச்சலோடுதான், சில இடங்களில் அறிவிப்பாளர் பேச்சு குறுக்கிட்டுத்தான். ஆனால் இருந்தது.

ஜான் பீல் 2004 அக்டோபர் 25 அன்று பெரு நாட்டின் குஸ்கோ நகரில் காலமானார். மைடா வேல் கட்டடம் 2020இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2023இல் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரும் அவருடைய கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் இன்று தட்டு வெளியிடுவதில்லை. ஆனால் அந்தப் பெயர்ப்பட்டியல் உறைகள் பழைய தட்டுக் கடைகளில் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. நாலாம் கூடத்தின் அந்த இரவுகள் ஒவ்வொன்றாக மறுபடி மறுபடி நடக்கின்றன.

ஒரு விதிமுறை இசையை உண்டாக்கியது, ஒரு கடிகாரம் அதற்கு உயிர் கொடுத்தது. ஆனால் அது நம் காதுவரை வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், சிலர் அதை எடுத்து வைக்க மெனக்கெட்டார்கள் என்பதுதான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளிலும் டூ-இன்-ஒன் இருந்த காலம் உண்டு. இலங்கை வானொலியிலிருந்தும் திருச்சி, சென்னை வானொலி நிலையங்களிலிருந்தும் கச்சேரி, நாடகம், பேட்டி, நேயர் விருப்பம் என்று அப்பாக்களும் சித்தப்பாக்களும் அக்காக்களும் கேசட்டில் பிடித்து வைத்தார்கள். அவை இன்னும் பரணில், அட்டைப்பெட்டிக்குள், பூஞ்சை பிடித்துக் கிடக்கலாம். வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடுத்துத் துடையுங்கள். ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓடினால் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேசட்டின் முதுகில் எந்த வானொலி, யார் பாடியது, எந்த ஆண்டு என்று நினைவிருக்கிற பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பாட்டு உலகத்தில் உங்கள் வீட்டில் மட்டும்தான் மிச்சம் இருக்கலாம்.